க்ரூகர்: என் எக்செல்லும் அப்பாவின் டிரிப் ஷீட்டும்

மே 11. கிளம்ப இன்னும் 55 நாள்

ஏழு வருடமாகக் கூப்பிட்டும் வராதவர்கள் அம்மாவும் அப்பாவும். "அங்க வந்து என்ன செய்ய, வீட்டுக்குள்ள உக்காந்து டிவி பாக்கவா" என்பார் அப்பா. இந்த வருடத் தொடக்கத்தில் என் மகன் போனில் "தாத்தா, சிங்கம் பாக்கப் போலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னான், மறுநாள் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். ஜூன் கடைசியில் ஜோகன்னஸ்பர்க் வந்து இறங்குகிறார்கள். ஆக, சிங்கம் காட்டவேண்டிய பொறுப்பு என் தலையில்.

ஆப்பிரிக்கா சஃபாரி என்றாலே நம் ஊரில் எல்லோருக்கும் மசாய் மாராவும் செரங்கெட்டியும்தான் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் கூரை திறக்கும் ஜீப்பும் வழிகாட்டியும் வேண்டும், கணக்கு முழுக்க டாலரில். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா வேறு மாதிரி. சொந்த வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு உள்ளே போகலாம், முக்கியமான சாலை எல்லாம் தார் ரோடு, ராத்திரி தங்க வேலி போட்ட முகாம்கள், முகாமுக்குள்ளேயே பெட்ரோல் பங்கும் மளிகைக் கடையும். வடக்கு தெற்காக 360 கிலோமீட்டர், அதாவது சென்னையில் கிளம்பினால் திருச்சியைத் தாண்டிவிடலாம். பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். இதைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ரோடு எப்படி இருக்கும்?" 31 வருடம் பஸ் ஓட்டியவர், அதில் கொஞ்ச காலம் மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலை, ஊத்து என்று மலை ஏறும் பஸ். வேறு என்ன கேட்பார்?

முகாம்களில் அறை பிடிப்பதுதான் பெரிய வேலை. 11 மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடுகிறது, நானோ மார்ச்சில் போய் உட்கார்ந்தேன், அதுவும் ஜூலை பள்ளி விடுமுறைக்கு. ஸ்குகூசா, லோயர் சாபி, சட்டாரா எதுவும் காலியில்லை. ஆனால் பதிவு செய்தவர்கள் ரத்து செய்துகொண்டே இருப்பார்கள். தட்கல் போட்டுப் பழகிய விரல் நமக்கு, விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, தூங்கப் போகும் முன் ஒரு தடவை என்று ஆறு வாரம் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஸ்குகூசாவில் இரண்டு இரவு, சட்டாராவில் இரண்டு இரவு மாட்டியது. லோயர் சாபி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஜூலை ஏன் என்றால், இங்கே அது குளிர்காலம், மழை இல்லாத காலம். புல் காய்ந்து, இலை உதிர்ந்து, காட்டுக்குள் கண் போகும். தண்ணீர் ஆங்காங்கேதான் இருக்கும், மிருகம் அதைத் தேடி வரும். க்ரூகர் மலேரியா உள்ள இடம், குளிர்காலத்தில் கொசு குறைவு என்பதும் ஒரு காரணம். கெடுதல் ஒன்றே ஒன்று: பகல் குட்டை. முகாம் கேட் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடுகிறார்கள். டிசம்பரில் என்றால் விடிகாலை 4.30க்கே திறந்துவிடுவார்கள். 5.30க்குள் ஏதாவது ஒரு முகாமுக்குள் இருந்தாக வேண்டும், பிந்தினால் அபராதம்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு என்று போடுகிறார்கள். வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைப் போல சுமார் நான்கு மடங்கு. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இன்று எக்செல் போட்டு முடித்தேன். எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர், எங்கே டீ, எங்கே கழிப்பறை, எந்த இடத்தில் என்ன மிருகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தார் ரோட்டில் வேக வரம்பு 50, மண் ரோட்டில் 40. அதனால் சராசரி 45 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஆபீஸில் கூட வேலை செய்கிறவர் ஒருவர், வருடா வருடம் க்ரூகர் போகிறவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "20 என்று போடு" என்றார். நான் மாற்றவில்லை.

ஜூலை 4. நாளைக் கிளம்புகிறோம்

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மாவின் பெட்டியில் பாதி பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல். காட்டுக்குள் ஐந்து நாள் என்றதும் அரிசி எத்தனை படி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "அங்க ஓட்டல் இருக்கும்மா" என்றேன். "இருக்கட்டும்ட்டி" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

டாக்டரைப் பார்த்து ஐந்து பேரும் மலேரியா மாத்திரை வாங்கிக்கொண்டோம். குளிர்காலம்தானே, வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள், வயசானவர்களையும் ஒன்பது வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகையில் அந்த வீரம் எனக்கு வரவில்லை. ஸ்வெட்டர், குல்லா, கம்பளி. "ஆப்பிரிக்காவில குளிரா?" என்று அம்மா இன்னும் நம்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஜூலை இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும் என்று சொல்லியாகிவிட்டது.

வண்டி ஒரு கதை. எங்கள் கார் தாழ்வானது, ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால் நடுவில் இருப்பவருக்கு முன் சீட்டின் முதுகுதான் தெரியும். அதனால் ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி ஒன்றை வாடகைக்குச் சொல்லியிருந்தோம். சாயங்காலம் எடுக்கப் போனபோது அப்பாவும் வந்தார். கையெழுத்து எல்லாம் போட்டு, சாவி வாங்கி, என் கணவர் ஸ்டார்ட் பண்ணப் போகையில் அப்பா வண்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்க்கிறார். "மாப்பிள்ளை, ஸ்டெப்னி எங்க?" பார்த்தால், ஸ்டெப்னி இருக்கவேண்டிய இடம் காலி. அந்தக் கம்பெனிப் பையன், பஞ்சர் ஆனால் போன் செய்யுங்கள், ஆள் அனுப்புவோம் என்றான். நடுக்காட்டில், வண்டியை விட்டு இறங்கக்கூடாத இடத்தில், எந்த ஆளை எங்கே அனுப்புவான்? மொழி தெரியாத அப்பா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வண்டி முன்னால் நின்றுவிட்டார், அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் ஒரு டயர் எங்கிருந்தோ உருண்டு வந்தது. காற்றையும் பார்த்த பிறகுதான் நகர்ந்தார்.

ராத்திரி பார்த்தால் ஒரு கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். நேரம், இடம், கிலோமீட்டர், விவரம். பழைய டிரிப் ஷீட்.

ஜூலை 5. ஸ்குகூசா

விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, என்4 நெடுஞ்சாலை, ம்போம்பேலா, ஹேஸிவியூ என்று வந்து ஃபாபெனி கேட்டில் நுழையும்போது மணி 11.10. வழியெல்லாம் டோல்கேட், நம் ஊர் ஞாபகம் வந்தது. கேட்டில் பதிவுச் சீட்டு, பாஸ்போர்ட் பார்த்தார்கள், துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். அம்மாவின் சம்புடத்தைத் திறக்கச் சொல்லவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் இம்பாலா மான். மகன் கத்திய கத்தில் என் கணவர் பிரேக் அடித்து, எல்லோரும் போன் எடுத்து, முப்பது படம். அடுத்த வளைவில் அறுபது இம்பாலா. அதற்கடுத்த வளைவில் இன்னும் ஒரு கூட்டம். ஒரு மணி நேரத்தில் அம்மா "ஆடுதான், போ" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அந்த ஆட்டின் பின்பக்கத்தில் மூன்று கறுப்புக் கோடு, பார்க்க ஆங்கில எம் எழுத்து மாதிரி. மெக்டொனால்ட்ஸ் என்று இங்கே கிண்டல் செய்வார்கள், சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் எல்லாவற்றுக்கும் மூலைக்கு மூலை கிடைக்கும் சாப்பாடு என்பதால்.

ஃபாபெனியில் இருந்து ஸ்குகூசா 38 கிலோமீட்டர் சொச்சம். என் எக்செல் கணக்கில் 50 நிமிடம். நாங்கள் வந்து சேர்ந்தது மூன்றேகால் மணி நேரம் கழித்து. வழியில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, ஒரு ஆமை. ஆமைக்கே பத்து நிமிடம் போனது, அது ரோட்டைத் தாண்டி முடிக்க வேண்டுமே.

ஸ்குகூசா என்பதை முகாம் என்று சொல்கிறார்கள், ஊர் என்றே சொல்லலாம். கடை, உணவகம், போஸ்ட் ஆபீஸ், மருத்துவர், பக்கத்தில் விமான நிலையம்கூட. சாபி ஆற்றின் மேல் பழைய ரயில் பாலத்தில் ரயில் பெட்டிகளை நிறுத்தி ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற காசில் நாங்கள் ஒரு மாதம் குடும்பம் நடத்தலாம், அதனால் கீழே இருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1898இல் அதிபர் பால் க்ரூகர் அறிவித்த சாபி வேட்டைத் தடைக் காடுதான் இதன் முதல் வடிவம். 1902இல் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் முதல் வார்டனாக வந்தார். வந்தவர் காட்டுக்குள் குடியிருந்த மக்களை வெளியேற்றினார். அவர்கள் சோங்கா மொழியில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஸ்குகூசா, துடைத்துப் பெருக்கித் தள்ளுகிறவன் என்று அர்த்தம். 1926இல் தேசியப் பூங்கா ஆனது, பிறகு முகாமுக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். வைதவர்களின் வார்த்தையே பெயர்ப்பலகை ஆகிவிட்டது. இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லா மலையிலயும் இந்தக் கதை உண்டு" என்றார்.

எங்கள் குடிசைக்கு அடுப்பும் பிரிட்ஜும் வராந்தாவில். பிரிட்ஜைக் குரங்கு திறக்காமல் இருக்கப் பூட்டு. பக்கத்துக் குடிசைகளில் எல்லாம் கரி அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுகிறார்கள், அதற்கு ப்ராய் என்று பெயர், இங்கே சாயங்காலம் என்றால் ப்ராய்தான். அந்தப் புகைக்கு நடுவில் எங்கள் வராந்தாவில் அம்மா கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த குடிசைக்காரர் வந்து மோப்பம் பிடித்து, என்ன என்று கேட்டு, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 6. நாலு நிமிடம்

ஆறு மணிக்குக் கேட் முன்னால் வரிசையில் ஏழாவது வண்டி நாங்கள். இருட்டு, குளிர், எல்லா வண்டியின் கண்ணாடியிலும் மூச்சு படிந்திருந்தது. இன்றைய திட்டம் எச்4-1 சாலை, சாபி ஆற்றை ஒட்டியே லோயர் சாபி வரைக்கும் சுமார் 45 கிலோமீட்டர், போய்த் திரும்புவது. க்ரூகரிலேயே அதிகம் பேசப்படும் ரோடு இதுதான், அதனால் கூட்டமும் இங்கேதான்.

நடுவில் ங்குஹ்லு என்ற இடத்தில் ஆற்றங்கரை மரங்களுக்கு அடியில் காலைச் சாப்பாடு. இறங்கலாம் என்று அனுமதித்த இடங்களில் இது ஒன்று, வேலி கிடையாது. அம்மா புளியோதரையைத் திறந்தார். திறந்ததுதான் தெரியும். கறுப்பு முகமும் சாம்பல் உடம்புமாக ஒரு வெர்வெட் குரங்கு மேசைக்கு வந்து, நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒரு கை நிறைய அள்ளியது. அம்மா கையை ஓங்கினார், அது பல்லைக் காட்டியது. மரத்தில் ஏறி உட்கார்ந்து வாயில் போட்டு, ஒரு நொடி யோசித்து, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை எங்கள் தலையிலேயே உதிர்த்தது. "எங்க ஊர்க் குரங்கு சோத்தையும் திங்கும்" என்றார் அம்மா. தெரிந்தோ தெரியாமலோ மிருகத்துக்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது என்பது இங்கே கறாரான விதி, ருசி கண்ட குரங்கு மனிதர்களைக் கடிக்க ஆரம்பித்தால் கடைசியில் சுட்டுவிடுவார்கள். அதனால் அதன் பிறகு சாப்பாடு எல்லாம் வண்டிக்குள்தான்.

லோயர் சாபிக்குப் பக்கத்தில் சன்செட் டேம். சின்னக் குளம், ரோட்டை ஒட்டியே நிறுத்தலாம். கரையில் முதலைகள் கட்டுமரம் போல வரிசையாகக் கிடந்தன. நீர்யானைகளின் முதுகு மட்டும் வெளியே, ஒன்றின் முதுகில் ஒரு நாரை நின்று மீன் பார்க்கிறது, நீர்யானை நகர்ந்தால் நாரையும் நகர்கிறது. அங்கே அரை மணி நேரம் என்று போட்டிருந்தேன். அப்பாவும் பேரனும் அசையவே இல்லை. இரண்டேகால் மணி நேரம். நான்தான் "இன்னும் அஞ்சு இடம் இருக்கு" என்று பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தேன், இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, அந்த ஐந்து இடத்திலும் ஒரு ஈ காக்கை இல்லை.

திரும்பும்போது மணி மூன்றரை. எண்பது நிமிடத்தில் போய்விடலாம் என்று நிம்மதியாக வந்தோம். ஸ்குகூசாவுக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கையில் ரோடு முழுக்க வண்டி. இரண்டு பக்கமும் அடைத்து, முப்பதோ நாற்பதோ. ஆற்றங்கரை அத்தி மரத்தில் சிறுத்தையாம். எங்கள் இடத்தில் இருந்து பார்த்தால் முன்னால் நின்ற வேனின் பின்கதவுதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து, கிளைகளுக்கு நடுவில் ஒரு வால், தொங்கிக்கொண்டிருந்த ஒரு வால், அதன் நுனி மட்டும் லேசாகச் சுருண்டு நிமிர்ந்தது. அவ்வளவுதான் பார்த்தோம். அதற்குள் மணி 4.50. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

கூட்டத்தில் இருந்து விடுபடும்போது 5.07. வேக வரம்பு 50, வழியில் கேமராவோடு நிற்பார்கள், ரோட்டில் எப்போது எது குறுக்கே வரும் என்று தெரியாது. யாரும் பேசவில்லை. அப்பா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கால் தானாக இல்லாத ஆக்ஸிலரேட்டரை அமுக்குகிறது. கேட்டுக்குள் நுழைந்தது 5.26. அவர் நோட்டில் விவரம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பது: "சிறுத்தை வால். 4 நிமிடம் முன்."

ஜூலை 7. சட்டாரா போகும் வழி

ராத்திரியே எக்செல்லை மூடி வைத்துவிட்டேன். ஸ்குகூசாவில் இருந்து சட்டாரா 93 கிலோமீட்டர், நாள் முழுக்க அது ஒன்றுதான் வேலை.

ட்ஷோக்வானே தாண்டியபின் யானைக் கூட்டம். முதலில் ஒரு கிழட்டுப் பெண் யானை ரோட்டோரம் வந்து நின்று துதிக்கையைத் தூக்கி மோந்தது. பின்னால் பதினெட்டு உருப்படி, அதில் நாலு குட்டி. "இதுக்கும் தந்தம் இருக்கே, கொம்பன்லா?" என்றார் அப்பா. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு என்று சொன்னேன். நம்பவில்லை, குட்டி வந்து அதன் முன்காலுக்கு நடுவில் வாய் வைத்துப் பால் குடிக்கவும்தான் ஒத்துக்கொண்டார். கன்னத்தில் ஈரக் கோடு வழிந்ததைப் பார்த்து மதநீர் என்று பதறினார். இங்கே பெண் யானைக்கும், பதற்றமாக இருந்தாலே, அந்த இடத்தில் வழியும்.

எல்லாம் தாண்டின. இன்ஜின் போட்டோம். அப்போதுதான் கடைசி ஆள் வந்தது. தனி ஆண். இரண்டு கன்னத்திலும் தார் பூசியது போல மதநீர், பின்கால்களுக்கு நடுவில் மூத்திரம் சொட்டிக்கொண்டே இருந்தது, காற்றில் ஒரு நெடி. மூடிய கண்ணாடிக்குள்ளேயே வந்தது அந்த நெடி. ரோட்டின் நடுவில் நின்று எங்களைப் பார்த்துத் திரும்பியது. முப்பது மீட்டர் இருக்கலாம்.

"மாப்பிள்ளை, இன்ஜினை அணைக்காதீங்க. ஹாரன் வேண்டாம். பின்னாடி பாருங்க."

பின்னால் ஒரு சிவப்புக் கார் எங்கள் பம்பரை ஒட்டி நிற்கிறது, ஆள் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் ரிவர்ஸ் கியர் போட்டார், வெள்ளை விளக்கு எரிந்திருக்கும், அந்த ஆள் பார்க்கவே இல்லை. யானை தலையை ஆட்டி நாலு அடி வைத்தது. அப்பா சட்டென்று கண்ணாடியை இறக்கி, அரைக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கையால் வண்டிக் கதவைப் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டி, கையைப் பின்பக்கமாக வீசினார். பஸ் ஸ்டாண்டில் பின்னால் வருகிறவனை விலகச் சொல்லும் அதே வீச்சு. சிவப்புக் காருக்குப் புரிந்துவிட்டது, பின்னால் போனது, நாங்களும் போனோம், மெதுவாக, நேர்கோட்டில், ஐம்பது மீட்டர். யானை அதே வேகத்தில் கூட வந்தது. பிறகு ஏதோ சலித்துப்போனது போல ஓரமாகத் திரும்பி ஒரு சின்ன மரத்தை முறித்துப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

கையை வெளியே நீட்டக்கூடாது என்பது இங்கே விதி. சொன்னேன். "மாஞ்சோலை ரோட்டில ஆனை நின்னா லைட்டை அணைச்சிட்டு அது போற வரைக்கும் நிப்போம். ஆனா அங்க பின்னாடி கார் கிடையாது பாத்துக்கோ" என்றார். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நோட்டில் அரை மணி நேரம் கழித்துத்தான் எழுதினார்.

சட்டாரா சமவெளி. மரம் குறைந்து புல்வெளி விரிகிறது, அதனால் வரிக்குதிரையும் நூ மானும் அதிகம், அதனால் சிங்கமும் அதிகம். முகாம் வரவேற்பறை வாசலில் ஒரு பெரிய வரைபடம், அன்றைக்கு யார் எங்கே எதைப் பார்த்தார்களோ அங்கே நிறக் காந்தம் ஒட்டுகிறார்கள். சிங்கத்துக்கு, சிறுத்தைக்கு, யானைக்கு என்று ஒவ்வொரு நிறம். காண்டாமிருகத்துக்குக் கிடையாது. கொம்புக்காகக் கொல்கிறவர்களும் இதே வரைபடத்தைத்தான் வந்து பார்ப்பார்கள். நாங்கள் இந்தப் பயணத்தில் காண்டாமிருகம் பார்த்தோமா, பார்த்தால் எந்த நாள், எங்கே என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூலை 8. டீயும் காத்திருப்பும்

ராத்திரி இரண்டு மணிக்கு மகன் எழுப்பினான். வேலிக்கு அப்பால் சிங்கம். சினிமாவில் கேட்கிற மாதிரி கர்ஜனை இல்லை, அடிவயிற்றில் இருந்து முக்கி முக்கி விடுகிற சத்தம், கடைசியில் மூச்சு வாங்குவது போலக் குறைந்து குறைந்து நின்றுபோகிறது. படுக்கையின் இரும்புச் சட்டத்தில் கை வைத்தால் அதிர்வது போல இருந்தது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

காலையில் எஸ்100. சிங்கத்துக்குப் பேர்போன மண் ரோடு, அதனால் கேட்டில் நின்ற பாதி வண்டி அங்கேதான் திரும்பியது. நாலாவது கிலோமீட்டரில் பதினாலு வண்டி நிற்கிறது. புல்லுக்குள் இரண்டு காது. நாற்பது நிமிடம் அந்த இரண்டு காதையே பார்த்தோம். மகனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவோ எதிர்ப்பக்கம், யாரும் பார்க்காத பக்கம், ஒரு காய்ந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஏல, இங்க பாரு, பனங்காடை." நெஞ்சு ஊதா, வயிறு நீலம், பறந்தால் இறக்கையில் இன்னொரு நீலம். நம் பனங்காட்டில் கம்பியில் உட்கார்ந்திருக்குமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் மாப்பிள்ளை வேஷத்தில். பேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தான்.

மதியம் வேறு எங்கும் போகவில்லை. முகாமுக்குப் பக்கத்தில், ஆர்பென் ரோட்டில் ங்செமானி டேம். ஒரு ஓரமாக நிறுத்தி, இன்ஜின் அணைத்து, பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி. முதல் ஒரு மணி நேரம் நீர்யானை கொட்டாவி. இடையில் எட்டுப் பத்து வண்டி வந்து, நிமிடக்கணக்கில் நின்று, ஒன்றும் இல்லை என்று போயின. வரிக்குதிரைகள் தண்ணீர் குடிக்க வந்தன, வரிசையாகத் தலை குனிந்தன, அப்புறம் ஒன்றுபோல எல்லாம் தலை நிமிர்ந்து ஒரே திசையைப் பார்த்தன. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அம்மாதான் சொன்னார், மெதுவாக, பக்கத்து வீட்டு ஆள் வருவதைச் சொல்வது போல: "அந்தா வருது."

மூன்று பெண் சிங்கங்கள். வேட்டைக்கு இல்லை, தாகத்துக்கு. வரிக்குதிரைகள் கலைந்து, ஆனால் ஓடாமல், ஒரு நூறு அடி தள்ளிப்போய் நின்று பார்த்தன. மூன்றும் அருகருகே முழங்கையை ஊன்றிக் குனிந்து குடித்தன. நாக்கு தண்ணீரில் படும் சத்தம் கேட்டது. அந்த அளவுக்கு அமைதி, அந்த அளவுக்குப் பக்கம். நாலு நிமிடம், ஐந்து நிமிடம் குடித்திருக்கும். ஒன்று எழுந்து எங்கள் வண்டியின் முன்பக்கமாக நடந்து தாண்டியது. தோள் எலும்பு மேலும் கீழும் போய்வருவது, காதில் ஒரு கிழிசல், முகத்தில் ஈ. எங்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மகன் மூச்சு விட்டது அது போன பிறகுதான். யாரும் படம் எடுக்கவில்லை என்பது முகாமுக்கு வந்து போனைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சாயங்காலம் வனத்துறை வண்டியில் இருட்டுச் சவாரி. கேட் மூடியபின் வெளியே போக அதுதான் வழி, ஆறு வயசுக்குக் கீழே ஏற்றமாட்டார்கள். திறந்த லாரி, கம்பளி கொடுத்தும் பல் தந்தியடித்தது. கழுதைப்புலி ஒன்று, கூகை ஒன்று, மரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளியாக புஷ்பேபி. தேவாங்கின் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் தேவாங்கு ஊரும், இது தவ்வுகிறது. அம்மா பாதி வழியில் தூங்கிவிட்டார்.

ஜூலை 9. வெளியே

சட்டாராவில் இருந்து ஆர்பென் கேட் 48 கிலோமீட்டர். வழியில் அதே குளத்தில் நிறுத்தினோம், நீர்யானைகளைத் தவிர யாரும் இல்லை. இன்று முழுக்க ஐந்து பேரும் அவ்வளவாகப் பேசவில்லை, அம்மா மட்டும் அடுத்த தடவை தேங்காய் துருவி வேண்டும் என்றார். அடுத்த தடவை என்று அவராகச் சொன்னதை நான் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் இன்று ராத்திரியே லோயர் சாபி அடுத்த ஜூன் எப்படி இருக்கிறது என்று ஒரு எட்டு பார்க்கப்போகிறேன்.

கேட்டில் சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். டிக்கியைத் திறந்து பார்த்த காவலர் ஸ்டெப்னியைத் தட்டிவிட்டு மூடினார். அப்பா மீட்டரைப் பார்த்து, கடைசிக் கட்டத்தை நிரப்பி, கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டார்.

"ஆர்பென். 11.40. உள்ளே மொத்தம் 391 கி.மீ. பஞ்சர் இல்லை. சிங்கம் 3, காது 2 தனி."